பங்க் ரசீதில் இல்லாத வரிகள்: மறைமுக வரியும் செஸ்ஸும், ஓர் எளிய விளக்கம்

"நாங்கள் கட்டும் வரியில்தான் ஊரே இலவசமாகச் சாப்பிடுகிறது" என்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் அலுத்துக்கொள்வதையும், "எங்களுக்கு ஏதுங்க வரி, கட்டுற அளவுக்கா சம்பாதிக்கிறோம்" என்று அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்மணி சொல்வதையும் ஒரே நாளில், ஒரே வீட்டில் கேட்க முடியும். முதலாமவரின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் இருவருமே ஒரு பிழையைச் சேர்ந்து செய்கிறார்கள். வரி என்ற சொல்லை வருமான வரி என்ற ஒரே பொருளில் இருவரும் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் வரி, ஆட்சி, ஏற்றத்தாழ்வு ஆகியவை குறித்துச் சாதாரணக் குடிமகனுக்கு எழும் எரிச்சல்களில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து பிறப்பவை. மீதிப் பாதி உண்மையான குறைகளிலிருந்து பிறப்பவை. இரண்டையும் பிரித்தறிய ஒருசில அடிப்படைக் கருத்துகள் தெரிந்தால் போதும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 31 வரை தாக்கலான வருமான வரிக் கணக்குகள் ஏறத்தாழ 7.28 கோடி. அவற்றிலும் பல, கட்டவேண்டிய வரி ஏதுமில்லை என்று காட்டும் கணக்குகள். 140 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் இது சிறிய எண்ணிக்கைதான் என்பதால், மற்றவர்கள் எல்லாம் வரி கட்டாதவர்கள் என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறோம். வருமான வரி என்பது நேர்முக வரி: யார் மீது விதிக்கப்படுகிறதோ அவரே அரசிடம் கட்டுகிறார், அதன் சுமையையும் அவரே தாங்குகிறார். இதற்கு மாறாக, அரசிடம் பணத்தைக் கட்டுபவர் ஒருவராகவும் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருந்தால் அது மறைமுக வரி. சோப்பு விற்கும் கடைக்காரர் ஜிஎஸ்டி எண் வைத்துக்கொண்டு மாதாமாதம் கணக்குக் காட்டுகிறார். ஆனால் அந்தப் பணம் சோப்பு வாங்கியவருடையது. கடைக்காரர் வசூலித்துக் கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறார்.

கைப்பேசிக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்வதை எடுத்துக்கொள்வோம். இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. விலைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால், சேவையின் விலை சுமார் 253 ரூபாய் 40 காசு, வரி சுமார் 45 ரூபாய் 60 காசு. மேலே சொன்ன பெண்மணியும் இதே 45 ரூபாய் 60 காசைக் கட்டுகிறார், அவரை வேலைக்கு வைத்திருப்பவரும் அதையே கட்டுகிறார். மாதம் 12,000 ரூபாய் ஈட்டுபவருக்கு அது வருமானத்தில் 0.38 விழுக்காடு, 2 லட்சம் ஈட்டுபவருக்கு ஏறத்தாழ 0.02 விழுக்காடு. வரி விகிதம் இருவருக்கும் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. வருமானம் கூடக் கூட, வருமானத்தில் வரியின் பங்கும் கூடினால் அதை வளர்வீத வரி என்றும், வருமானம் கூடக் கூட அந்தப் பங்கு குறைந்தால் தேய்வுவீத வரி என்றும் பொருளியல் பாடநூல்கள் சொல்கின்றன. வருமான வரி முதல் வகை. நுகர்வின் மீதான வரி, அதை எவ்வளவு நயமாக வடிவமைத்தாலும், இரண்டாம் வகையை நோக்கியே சாயும்.

இதற்குக் காரணம் சேமிப்பு. ஒரு கற்பனைக் கணக்கு: மாதம் 15,000 ரூபாய் வரும் குடும்பம் முழுவதையும் செலவழிக்கிறது. வீட்டு வாடகை, சில்லறையில் வாங்கும் அரிசி, காய்கறி, பால் போன்ற ஜிஎஸ்டி இல்லாதவற்றைக் கழித்துவிட்டால், 6,000 ரூபாய் வரி உள்ள பொருள்களுக்குப் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வரி என்று வைத்தால் 600 ரூபாய், அதாவது வருமானத்தில் 4 விழுக்காடு. மாதம் 3 லட்சம் வரும் குடும்பம் ஒரு லட்சத்தைச் செலவழித்து, அதில் 60,000 ரூபாய்க்கு வரியுள்ள பொருள்களை வாங்கினால் வரி 6,000 ரூபாய். வருமானத்தில் 2 விழுக்காடு. சேமித்த 2 லட்சத்துக்கு நுகர்வு வரி கிடையாது. இல்லாதவர் சேமிக்க முடியாததால்தான் அவருடைய ஒவ்வொரு ரூபாயும் கடைக்கு வந்து சேர்கிறது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோதே 5, 12, 18, 28 என்று அடுக்குகள் வைத்ததும், அடிப்படை உணவுப் பொருள்களுக்கு விலக்கு அளித்ததும் இதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 என்று இரண்டாகச் சுருங்கின. ஆடம்பரப் பொருள்களுக்கும் உடலுக்குக் கேடானவற்றுக்கும் 40 விழுக்காடு வந்தது. அதுவரை பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 18 விழுக்காடு கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது 5. எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பற்பசை அத்தியாவசியப் பொருளானது என்பதை ஒரு பக்கம் குறித்துக்கொள்ளலாம். விலக்குகளும் அசையாமல் நிற்பவை அல்ல. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, அச்சிட்ட பையில் அடைத்த அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. விளைவு, அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது. ஒரு கிலோ கூடுதலாகக் கட்டினால் வரியில்லை. முழு மூட்டைக்குக் கையில் பணம் உள்ளவர் வரியில்லாமல் வாங்க, 5 கிலோ பையாக வாங்குபவர் வரியோடு வாங்கும் நிலை ஒரே கடையில் உண்டானது. தேய்வுவீத வரி என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி சம்பளக்காரரின் கோபத்துக்கு வருவோம். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி, நிலைக் கழிவையும் (சம்பளக்காரர் எல்லாருக்கும் பொதுவாகக் கழிக்கும் தொகை) சேர்த்து ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு வருமான வரி இல்லை. அதே முறையில் ஆண்டுக்கு 36 லட்சம் சம்பளம் பெறுபவர் ஏறத்தாழ 6.63 லட்சம் ரூபாய் கட்டுகிறார். சம்பளம் கைக்கு வருமுன்னரே நிறுவனம் அதைப் பிடித்தம் செய்துவிடுவதால் அவருக்கு ஒளிக்க வழியில்லை. தொழில் செய்பவரைப் போலச் செலவுகளைக் கழித்துக் காட்டவும் முடியாது. தன்னை விடக் கூடுதலாக ஈட்டுபவர் தன்னை விடக் குறைவான வரி கட்டுவதை அவர் கண்ணெதிரே பார்க்கிறார். இந்தக் கோபம் நியாயமானதே; ஆனால் அது வீட்டு வேலைக்கு வருபவர் மீதோ ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மீதோ திரும்பும்போதுதான் தடம் மாறுகிறது. திரும்ப வேண்டிய திசை எதிர்ப்பக்கம்.

ஏனென்றால், உழைத்துப் பெறும் வருமானத்துக்கும் சொத்து வளர்ந்து தரும் வருமானத்துக்கும் இந்தியா ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. சம்பளத்துக்கு உச்ச விகிதம் 30 விழுக்காடு. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு. விற்காமல் வைத்திருந்தால், மதிப்பு எத்தனை மடங்கு உயர்ந்தாலும் வரி இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றாலும் வரி இல்லை. மரணத்தின்போது சொத்து கைமாறுவதற்கு இருந்த வரி 1985இல் நீக்கப்பட்டது. ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த செல்வ வரியும் 2015இல் போனது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கை, 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும் செல்வத்தில் 40.1 விழுக்காடும் உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்ததாக மதிப்பிட்டது. நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைக் கொண்டு பார்த்தால் ஏற்றத்தாழ்வு குறைந்திருப்பதாகத் தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன: எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் ஒருவர் உண்பதற்கும் உடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு, சேர்ப்பதற்குத்தான் அளவில்லை.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2014-15இல் நிறுவன வரியாக மத்திய அரசுக்குக் கிடைத்தது சுமார் 4.29 லட்சம் கோடி ரூபாய். தனிநபர் வருமான வரி சுமார் 2.66 லட்சம் கோடி. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2023-24இல் நிறுவன வரி சுமார் 9.11 லட்சம் கோடி, தனிநபர் வரி சுமார் 10.44 லட்சம் கோடி. முன்னே இருந்தது பின்னே போயிற்று.

செல்வ வரியை நீக்கியபோது நடந்த ஒரு சிறு மாற்றம் நம்மை அடுத்த கருத்துக்கு அழைத்துச் செல்கிறது. அந்த வரியால் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் கோடிதான் வருகிறது, வசூலிக்கும் செலவோ அதிகம் என்று சொல்லி அதை நீக்கிய நிதியமைச்சர் அருண் ஜெட்லி, அதற்கு ஈடாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 விழுக்காடு சர்சார்ஜை, அதாவது வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரியை, கூட்டினார். வருவாய் என்று பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் செல்வ வரி மாநிலங்களோடு பகிர வேண்டியது. சர்சார்ஜ் பகிர வேண்டாதது.

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளின் நிகரத் தொகையில் ஒரு பகுதி மாநிலங்களுக்குச் சேர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 270ஆம் பிரிவு. எவ்வளவு என்பதை நிதிக்குழு பரிந்துரைக்கும். 2021-26 காலத்துக்கு 15ஆம் நிதிக்குழு 41 விழுக்காடு என்றது. அந்த 41 விழுக்காட்டுக்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது. ஆனால் இரண்டு வகை வசூல்கள் இந்தப் பொதுத் தொகுப்புக்குள் வருவதில்லை. ஒன்று, மேலே சொன்ன சர்சார்ஜ். மற்றது, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக என்று பெயர் சூட்டி விதிக்கும் செஸ் என்னும் மேல்வரி. நமது வருமான வரியோடு சேரும் 4 விழுக்காடு உடல்நலம் மற்றும் கல்விக்கான செஸ் அப்படிப்பட்டது. வரி கட்டுபவருக்கு எல்லாம் ஒரே தொகைதான். பெயரைப் பொறுத்து அது போய்ச் சேரும் பெட்டி மாறுகிறது.

இதைப் பெட்ரோலில் பார்ப்பதுதான் மிகத் தெளிவு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ளவை; மத்திய அரசு கலால் வரியும், மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கின்றன. 2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 10 ரூபாயும் பெட்ரோல் மீதான மத்திய வரி கூடியது, லிட்டருக்கு 19.98 ரூபாயாக இருந்தது 32.98 ஆனது. விலை குறைந்ததன் பலன் நுகர்வோருக்கு வராமல் கருவூலத்துக்குப் போனது. இது பலருக்கு நினைவிருக்கும். அடுத்து நடந்தது அவ்வளவாக யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் அப்போது விலையே மாறவில்லை. 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ் என்று லிட்டருக்கு 2.50 ரூபாய் புதிதாக வந்தது. விலை ஏறக்கூடாது என்பதற்காக, அடிப்படைக் கலால் வரி 2.98 ரூபாயிலிருந்து 1.40 ஆகவும், சிறப்புக் கூடுதல் கலால் வரி 12 ரூபாயிலிருந்து 11 ஆகவும் குறைக்கப்பட்டன. மாறாமல் இருந்த சாலை செஸ்ஸையும் சேர்த்து, மொத்தம் 32.98இலிருந்து 32.90 ஆனது. எட்டுக் காசு மாற்றம்! வாகன ஓட்டி எதையும் உணரவில்லை. ஆனால் மாநிலங்களோடு பகிரத்தக்க பகுதி அந்த 1.40 ரூபாய் மட்டும்தான். அது ஒரே கையெழுத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

1.40 ரூபாயில் 41 விழுக்காடு என்றால் சுமார் 57 காசு. நாட்டில் எங்கு விற்கும் ஒரு லிட்டராக இருந்தாலும், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதில் தமிழ்நாட்டின் பங்கு இரண்டு காசுக்குச் சற்று மேல். நேர்மையாகச் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு பெட்ரோல் வரியை முறையே 5 ரூபாயும் 8 ரூபாயும் குறைத்தபோது, அந்தக் குறைப்பு முழுவதும் பகிரப்படாத சாலை செஸ்ஸிலிருந்தே செய்யப்பட்டது. அதனால் மாநிலங்களின் பங்கு குறையவில்லை. இரண்டாவது, மாநிலங்களும் இதில் துறவிகள் அல்லர். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்த பிறகும், 13 விழுக்காட்டோடு லிட்டருக்கு 11.52 ரூபாயும் சேர்த்து வசூலிக்கிறது. அந்த 13 விழுக்காடு, மத்திய கலால் வரியையும் உள்ளடக்கிய விலையின் மேல் கணக்கிடப்படுகிறது, வரிக்கும் வரி. ஆக, இரு அரசுகளும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும் வாய்ப்பு இந்த அமைப்பிலேயே இருக்கிறது. தேர்தல் மேடைகளில் அது நன்றாகவே பயன்படுகிறது.

நோக்கத்தின் பெயரால் வசூலிக்கப்படும் செஸ் அந்த நோக்கத்துக்குத்தான் போகிறதா என்பது இயல்பாக எழும் கேள்வி. 2018-19ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்த சிஏஜி என்னும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அந்த ஆண்டில் பல்வேறு செஸ்களாகவும் பிற தீர்வைகளாகவும் வசூலான சுமார் 2.75 லட்சம் கோடி ரூபாயில் சுமார் 1.1 லட்சம் கோடி, அதற்கென்று உரிய நிதிகளுக்கு மாற்றப்படாமல் மத்திய அரசின் பொதுக் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டதாகக் குறிப்பிட்டார். பணம் திருட்டுப் போனது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அரசின் மற்ற செலவுகளுக்கு அது போயிருக்கும். ஆனால் கல்விக்கு, சாலைக்கு என்று பெயர் சொல்லி வாங்கியதன் அறம் அங்கே அறுந்துபோகிறது.

வாகனம் வைத்திருப்பவருக்கு வரும் எரிச்சலையும் இங்கேயே பேசிவிடலாம். வண்டி வாங்கும்போது ஜிஎஸ்டி, பதிவின்போது மாநில அரசுக்கு ஆயுட்கால சாலை வரி, ஓட்டும்போது பெட்ரோலில் சாலை செஸ், கார் என்றால் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக் கட்டணம். இத்தனைக்கும் பிறகு தெருவில் பள்ளம். இதில் கலந்திருக்கும் மூன்று சொற்களைப் பிரித்தால் கோபம் போகாவிட்டாலும் முகவரி தெரியும். கட்டணம் என்பது குறிப்பிட்ட சேவைக்கு ஈடாகக் கொடுப்பது. சுங்கச்சாவடியில் கொடுப்பது அது. அங்கே சாலை மோசமாக இருந்தால், கொடுத்த காசுக்குப் பொருள் எங்கே என்று கேட்க நேரடி உரிமை உண்டு. வரி என்பது அப்படிப்பட்ட ஈடு எதையும் எதிர்பார்க்க முடியாத கட்டாயப் பங்களிப்பு. சாலை வரி என்று பெயர் இருந்தாலும் அது மாநிலத்தின் பொது வருவாயில் சேர்ந்து, ஆசிரியர் சம்பளத்துக்கும் போகலாம், கடனுக்கு வட்டியாகவும் போகலாம். செஸ் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: வரியைப் போலக் கட்டாயம், கட்டணத்தைப் போல வாக்குறுதி. தெருப் பள்ளமோ பெரும்பாலும் இவை எவற்றோடும் தொடர்பில்லாத உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அதன் சொந்த வருவாய் பெரும்பகுதி வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்றவைதான். நம் பணத்தில் மிகக் குறைவான பங்கு போகும் இடத்திடம்தான் நம் அன்றாடத் தேவைகளில் மிகுதியானவை ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய குழியை மூடச் சொல்லி நான் மூன்று அலுவலகங்களுக்கு நடந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அது மற்றதன் வேலை என்றது, ஒவ்வொன்றும் ஓரளவு சரியாகவே சொன்னது.

கேள்வி கேட்கும் வழிகள் இல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் எழுதலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும்; ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேட்டு வாங்கலாம். தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட்டபின் யாரும் இணையத்தில் படிக்கலாம். ஆனால் கேட்பதற்கு முதலில், தான் கொடுத்திருக்கிறோம் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்முக வரி கட்டுபவருக்கு அது ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அச்சாகி வருவதால்தான் அவர் குரல் ஓங்கி ஒலிக்கிறது. மறைமுக வரி கட்டுபவருக்குத் தான் கட்டியதே தெரியாதபடி வசூல் நடந்துவிடுகிறது. "எங்களுக்கு ஏதுங்க வரி" என்ற அந்தப் பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

ஜிஎஸ்டி இதில் ஒரு நன்மை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உணவகத்தில் சாப்பிட்டாலும் துணிக்கடையில் வாங்கினாலும், ரசீதின் அடியில் மத்திய ஜிஎஸ்டி இவ்வளவு, மாநில ஜிஎஸ்டி இவ்வளவு என்று இரண்டு வரிகள் அச்சாகின்றன. பாதி டெல்லிக்கும் பாதி சென்னைக்கும் போவது கண்ணுக்குத் தெரிகிறது. 2025 ஏப்ரலில் பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் அதைத் தாங்கிக்கொண்டதால் அப்போதும் விலை ஏறவில்லை. அன்று காலை வண்டிக்கு எரிபொருள் போட்டவர்கள் கையில் வாங்கிய ரசீதில் வழக்கம்போல லிட்டர் எத்தனை, விலை எவ்வளவு, தொகை எவ்வளவு என்பவை மட்டுமே இருந்தன.